ஒளி போன பாதை – 14: எல்லை தெரியாத கண்

கோடை மழை பெய்த மறுநாள் இரவு மொரப்பூர் ரயிலடி விளக்குகளில் பூச்சிகள் வந்து மொய்க்கும். ஈசல்தான் அதிகம். இடையிடையே பருத்த உடலும் மடித்த இறக்கையுமாகச் சில அந்துப்பூச்சிகள் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அவற்றில் ஒன்றின் கண்ணருகே கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், மேற்பரப்பில் பளபளப்பு என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இருக்காது. சில சமயம் உள்ளே ஆழத்திலிருந்து ஒரு செம்மினுக்கம் வரும். அது கண்ணின் அடித்தளத்தில் உள்ள வேறோர் அமைப்பின் வேலை, அதற்குப் பிறகு வருகிறேன். இப்போது அதே கைபேசியின் கேமரா லென்ஸைத் திருப்பி விளக்கொளியில் பாருங்கள். ஊதாவோ பச்சையோ ஒரு சாயல் தெரியும். கண்ணாடியில் பட்ட ஒளி திரும்பிவிடாமல் இருக்க மனிதர்கள் கண்டுபிடித்த வழியின் மிச்சம் அது. பூச்சியின் வழி வேறு. அந்த வழியை நாம் முதலில் கணக்கில் கண்டோம், பிறகு பூச்சியிடம் பார்த்தோம், கடைசியில்தான் கையால் செய்தோம். மூன்றுக்கும் இடையில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள்.

சென்ற வாரங்களில், தொலைநோக்கியும் கேமராவும் வளர வளர அவற்றுக்குள் லென்ஸ்களின் எண்ணிக்கை கூடியதைப் பார்த்தோம். அங்கேதான் சிக்கல். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நேராக நுழையும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் வாசலிலேயே திரும்பிவிடும். கண்ணாடியை விட்டு வெளியே வரும்போது இன்னொரு 4 சதவீதம் போகும். ஐந்து தனி லென்ஸ்கள் என்றால் பத்துப் பரப்புகள். கடைசியில் மூன்றில் இரண்டு பங்கு ஒளிதான் மறுபுறம் சேரும். திரும்பிய ஒளி சும்மாவும் போவதில்லை. பரப்புக்குப் பரப்பு மோதி, படத்தின் மேல் மூட்டமாகவும் இல்லாத விளக்குகளின் புள்ளிகளாகவும் வந்து படியும். லென்ஸைக் கூட்டினால் படத்தின் பிழை குறையும், கூடவே ஒளியும் குறையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருவி செய்தவர்கள் இதை மாற்ற முடியாத விதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்தது பாழான கண்ணாடி. பவேரியாவின் யோசெஃப் ஃபிரௌன்ஹோஃபர், அமிலம் அரித்த கண்ணாடி முன்பைவிடக் குறைவாக ஒளியைத் திருப்புவதை 1817இலேயே கவனித்திருந்தார். 1886இல் இங்கிலாந்தின் ராலே பிரபு நாள்பட்ட கண்ணாடித் தகடுகளையும் புதிதாக மெருகேற்றியவற்றையும் ஒப்பிட்டு அளந்தபோது, பழையவைதான் குறைவாக எதிரொளித்தன. யார்க் நகரில் குக் நிறுவனத்துக்குத் தொலைநோக்கி லென்ஸ் வடிவமைத்த ஹெரால்ட் டென்னிஸ் டெய்லர் 1890களில் இன்னும் துணிந்து சொன்னார்: காற்றுப்பட்டு மங்கிய லென்ஸைக் கண்டு கவலைப்பட வேண்டாம், அதற்குள் ஒளி கூடுதலாகவே போகிறது. அதை வேண்டுமென்றே அமிலத்தால் செய்துகாட்டி 1904இல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் ஒவ்வொரு வகைக் கண்ணாடியும் அமிலத்துக்கு ஒவ்வொரு விதமாக மசிந்தது. நம்பிச் செய்யக்கூடிய தொழிலாக அது வளரவில்லை.

நம் சி. வி. ராமனும் இந்தச் சிதைவின் பக்கம் வந்தவர்தான். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்து சிதைந்த பழங்காலக் கண்ணாடியை ராஜகோபாலன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து ஆராய்ந்து 1940இல் எழுதினார். அந்தக் கண்ணாடியின் சிதைவு ஏடு ஏடாகப் பிரிந்து நின்று, பட்ட ஒளியை வானவில் நிறங்களாகத் திருப்பி எறிந்தது. டெய்லரின் லென்ஸில் சிதைவு ஒளியை உள்ளே விட்டது. ராமனின் துண்டுகளில் வெளியே தள்ளியது. மேற்பரப்பு எந்தப் பொருளால் ஆனது என்பதை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

டெய்லரின் லென்ஸுக்கான விளக்கத்தின் வேர் ராலேயின் கணக்கில் முன்பே இருந்தது. ஒரு பொருள் சட்டென்று முடிந்து இன்னொன்று தொடங்காமல், படிப்படியாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் அலை எப்படித் திரும்பும் என்று அவர் 1880இல் கணக்கிட்டிருந்தார். கிணற்று வடத்தின் நுனியில் ஒரு மெல்லிய கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். மெல்லிய பக்கத்திலிருந்து ஓர் உதறு உதறினால், அந்த அலை ஓடிப்போய் முடிச்சில் மோதி ஒரு பங்கு திரும்பி வரும். முடிச்சே இல்லாமல், மெல்லிய கயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து வடமாகும்படி திரித்திருந்தால் மோதுவதற்கு இடமில்லை. அலை வடத்துக்குள் ஓடிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக என்பதற்கும் ஓர் அளவு உண்டு. மாற்றம் நடக்கும் தூரம் ஏறக்குறைய அரை அலைநீளமாவது இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அது 200 முதல் 300 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் முந்நூறில் ஒரு பங்கு.

கணக்கு சரி. செய்ய வழி இல்லை. காற்றின் ஒளிவிலகல் எண் 1, சாதாரணக் கண்ணாடியுடையது 1.5. இடையில் 1.1, 1.2, 1.3 என்று ஏறிக்கொண்டே போகும் பொருள்கள் வேண்டும். லென்ஸ் மேல் பூசத் தக்க திடப்பொருள்களில் மிகக் குறைந்த எண் உள்ளவற்றில் ஒன்று மக்னீசியம் ஃப்ளோரைடு. அதற்கே 1.38. காற்றுக்கும் அதற்கும் இடையிலான பள்ளத்தை நிரப்ப எதுவும் கிடைக்கவில்லை.

அதனால் 1930களில் வேறு வழி எடுத்தார்கள். ஜெர்மனியின் யேனாவில் கார்ல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா லென்ஸ் பூச்சுக்கு 1935இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஜான் ஸ்ட்ராங் 1936இல் வெற்றிடத்தில் ஃப்ளோரைட்டை ஆவியாக்கி லென்ஸ் மேல் படிய வைத்தார். ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் கேதரின் பிளாட்ஜெட் 1938இல், நீரின் மேல் மிதக்கும் ஒற்றை மூலக்கூறு ஏடுகளை 44 முறை கண்ணாடியில் ஏற்றி எதிரொளிப்பைப் போக்கிக் காட்டினார். கேம்பிரிட்ஜில் இயற்பியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். மூன்று பேரின் உத்தியும் அடிப்படையில் ஒன்றே. பூச்சின் மேற்பரப்பில் திரும்பும் அலையும் அடிப்பரப்பில் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி பூச்சைக் கால் அலைநீளத் தடிமனில் நிறுத்துவது. இது அழகான உத்தி. ஆனால் ஒரு நிறத்துக்கு வெட்டிய தடிமன் இன்னொரு நிறத்துக்குப் பொருந்தாது. பச்சைக்கு வைத்தால் சிவப்பும் நீலமும் கொஞ்சம் தப்பித் திரும்பும்; இரண்டும் கலந்து ஊதாவாகத் தெரியும். பல அடுக்குப் பூச்சுகள் இந்தக் குறையைச் சுருக்கின, முழுதாகத் தீர்க்கவில்லை. ஒளி சாய்ந்து வந்தால் கணக்கு மறுபடியும் பிசகும். ராலே கேட்ட எல்லையில்லாத பரப்பு கணக்காகவே நின்றது.

அதைக் கண்ணால் பார்த்தவர் லென்ஸ் தொழிலோடு தொடர்பே இல்லாதவர். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் கார்ல் குஸ்தாஃப் பெர்ன்ஹார்ட் ஒரு நரம்பு உடலியங்கியலாளர். இரவில் பறக்கும் பூச்சிகளின் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னை எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதே அவர் குழுவின் கேள்வி. முதலில் சொன்ன செம்மினுக்கம் இங்கே வருகிறது. அந்துப்பூச்சியின் கண்ணடியில் நுண்ணிய காற்றுக் குழாய்கள் நெருங்கி அமைந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிபோல வேலை செய்கின்றன. உணர்செல்கள் முதல் முறை தவறவிட்ட ஒளியை மறுபடி அவற்றிடமே அனுப்புகின்றன. வெளிச்சம் பட்டதும் நிறமித் துகள்கள் நகர்ந்து மூடிக்கொள்ள, மினுக்கம் அணைகிறது. அந்த நகர்வை அளந்துகொண்டிருந்த இடத்தில்தான் அமெரிக்கரான வில்லியம் மில்லரும் பெர்ன்ஹார்டும் கண்ணின் வெளித்தோலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார்கள்.

கூட்டுக்கண்ணின் ஒவ்வொரு சிறுகண்ணும் வெளியே ஒரு குட்டி லென்ஸ். அதன் முகம் வழவழப்பாக இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர்கள் கண்டது, முகம் முழுக்க ஒழுங்காக நட்டு வைத்த கூம்புகள். ஒவ்வொன்றும் சுமார் 200 நானோமீட்டர் உயரம், அடுத்ததற்கு ஏறக்குறைய அதே இடைவெளி. அறுகோண வரிசையில், ஒரு சிறுகண்ணுக்கே ஆயிரக்கணக்கில். 1962இல் இதை வெளியிட்டார்கள்.

இதன் சூட்சுமம் இடைவெளியில் இருக்கிறது. கூம்புகள் ஒளியின் அலைநீளத்தைவிட நெருக்கமாக நிற்பதால், ஒளியால் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாது. ஒவ்வோர் உயரத்திலும் அங்கே உள்ள காற்றும், பூச்சியின் வெளித்தோலை ஆக்கும் கைட்டினும் கலந்த சராசரியைத்தான் அது உணரும். கூம்பின் நுனி மட்டத்தில் பெரும்பகுதி காற்று. இறங்க இறங்கக் கைட்டின் கூடிக்கொண்டே போகிறது. அடிவாரத்தில் முழுக்கக் கைட்டின். 1.1, 1.2, 1.3 என்று இல்லாத பொருள்களைத் தேடி மனிதர்கள் திகைத்த இடத்தில், இருக்கும் ஒரே பொருளோடு காற்றைக் கலந்து அத்தனை படிகளையும் பூச்சி அமைத்துக்கொண்டது. எல்லை எங்கே என்று ஒளிக்குத் தெரிவதில்லை. அதனால் எந்த நிறமும் அநேகமாகத் திரும்புவதில்லை. சாய்ந்து வந்தாலும் பெரிதாகத் திரும்புவதில்லை.

ஊகம் சரிதானா என்று பார்க்க அவர்கள் எடுத்த வழியை நான் இந்தக் கதையின் மிக நல்ல இடமாகக் கருதுகிறேன். அத்தனை சிறிய கூம்புகளைத் தேவைக்கேற்ப மாற்றிச் செய்து சோதிக்க அன்று கருவி இல்லை. ஆகவே கூம்புகளைப் பெரிதாக்கிக் கையில் பிடிக்கும் அளவுக்கு மாதிரி செய்தார்கள். கூம்பு எத்தனை மடங்கு பெரிதானதோ அத்தனை மடங்கு நீளமான அலையை, அதாவது நுண்ணலையை, அதன் மேல் செலுத்தி அளந்தார்கள். கூம்பு வைத்த பரப்பில் எதிரொளிப்பு விழுந்தது. பெர்ன்ஹார்டும் மில்லரும் ஓகே மோல்லரும் 1965இல் விரிவாக எழுதியபோது, பூச்சிக்கண் கூம்பு ஒளியை மெல்ல உள்ளே இட்டுச் செல்லும் அமைப்பு என்பது அளந்து காட்டிய உண்மையாகிவிட்டது.

இதே யுக்தியை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவில் ஒருவர் செய்திருந்தார். ஜகதீஷ் சந்திர போஸ் கேம்பிரிட்ஜில் படித்தபோது அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் ராலே. ஊர் திரும்பி மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகி, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளைத் தாமே செய்த கருவிகளால் உண்டாக்கினார். அவருடைய ஆய்வுகளை லண்டன் ராயல் சொசைட்டியில் எடுத்து வைத்தவரும் ராலேதான். 1898இல் போஸ் ஒரு கேள்வி எடுத்தார்: சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புகிறதே, மூலக்கூறு முறுக்கிக்கொண்டிருப்பதாலா? மூலக்கூறைக் கையில் எடுக்க முடியாது. வங்காளத்தில் சணலுக்குப் பஞ்சமில்லை. சணல் கற்றைகளை வலப்பக்கமும் இடப்பக்கமும் முறுக்கி அலைக்குக் குறுக்கே வைத்தார். வலமுறுக்கு ஒரு பக்கமும் இடமுறுக்கு எதிர்ப்பக்கமும் தளத்தைத் திருப்பின. இரண்டையும் சமமாகக் கலந்தால் திருப்பம் இல்லை. கண்ணுக்கு எட்டாத அமைப்பைப் பெரிதாக்கி, அலையையும் அதற்கேற்ப நீட்டிக் கேள்வி கேட்பது என்ற முறை முழுமையாக அங்கே இருக்கிறது. வானொலியை முதலில் கண்டது யார் என்ற வழக்கில் போஸின் பெயர் அடிக்கடி இழுக்கப்படுகிறது. அவருடைய சணல் முறுக்கைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. எனக்கு அந்தச் சணல்தான் பெரிது.

பூச்சியிடம் கண்டதைக் கண்ணாடியில் செய்ய இன்னும் பத்து ஆண்டுகள் போயின. தாமதத்துக்குக் காரணம் கருவி. லேசர் 1960இல்தான் வந்தது. மின்னணுச் சில்லு செய்பவர்களின் ஒளி உணர் பூச்சும் அதே காலத்தில்தான் தேறியது. இங்கிலாந்தின் டெடிங்டனில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாஃபமும் ஹட்லியும் இரண்டையும் சேர்த்தார்கள். இரு லேசர் கற்றைகள் சந்திக்கும் இடத்தில் வெளிச்சமும் இருளும் நெருங்கிய வரிகளாக விழும். அந்த வரிகளைப் பூச்சின் மேல் ஒரு முறை பதித்து, தகட்டைத் திருப்பி மறுபடி பதித்துக் கழுவினால், வரிகள் வெட்டிக்கொண்ட இடங்களில் மேடுகள் எஞ்சும். 1973இல் நேச்சர் இதழில் வந்த அவர்களது கட்டுரை, தலைப்பிலேயே அந்துப்பூச்சிக் கண்ணின் பெயரைத் தாங்கியது. ராலேயின் கணக்குக்கு 93 ஆண்டுகள் கழித்து அது கண்ணாடியின் மேல் வந்து சேர்ந்தது.

பூச்சிக்கு இது எதற்கு? முன்பு நினைத்த அளவுக்கு இந்தக் கேள்வி எளிதல்ல. இருட்டில் 4 சதவீத ஒளி மிச்சமாவது நல்லதுதான், ஆனால் பெரிய லாபம் அல்ல. பகலில் ஓய்ந்திருக்கும்போது கண் மினுங்கிப் பறவைக்குக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது இன்னொரு பயன். நெதர்லாந்தின் ஸ்டாவெங்காவும் கூட்டாளிகளும் 2006இல் 19 வகை வண்ணத்துப்பூச்சிகளின் கண்களை அளந்தபோது, பகலில் பறக்கும் பலவற்றிலும் கூம்புகள் இருந்தன. ஆனால் நம் எலுமிச்சைச் செடிகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி சேர்ந்த குடும்பத்தில் அவை அநேகமாக இல்லை. அவையும் நன்றாகத்தான் பறந்துகொண்டிருக்கின்றன. 2010இல் ஜெர்மனியில் பெய்ஸ்கரும் கோர்பும் வேறொரு கோணத்தைக் காட்டினார்கள்: கூம்பு முனைகளில் தூசு ஒட்டிக்கொள்ளும் இடம் குறைவு, கண் சுத்தமாக இருக்கிறது. தூசி பறக்கும் எங்கள் பக்கத்துக் கோடையை அறிந்தவன் என்ற முறையில், இதைச் சின்ன விஷயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் மாவட்டத்தில் அந்து என்றால் பட்டு. ஆனால் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் அந்தைப் பார்ப்பது அபூர்வம். அது கூட்டைத் துளைத்தால் நூல் அறுந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே கூடு தர்மபுரி அங்காடிக்குப் போய்விடுகிறது. அந்தைப் பார்ப்பது வித்தகத்தில் முட்டை எடுப்பவர்கள்தான். இந்தக் கதைக்குத் தேவையான பூச்சியோ தெற்கே ஏற்காட்டின் காப்பிச் செடிகளிலும் வீட்டு வாசல் கார்டேனியாச் செடிகளிலும் புழுவாக வளரக்கூடியது. செஃபோனோடெஸ் ஹைலாஸ் என்ற பருந்து அந்து. ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரை பரவியது, நமக்கும் சொந்தம். பகலில் பறக்கும், பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும், அவசரத்தில் பார்த்தால் பெரிய வண்டு என்று தோன்றும். கூட்டிலிருந்து வரும்போது மற்ற அந்துகளைப் போல அதன் இறக்கையிலும் சாம்பல் செதில் உண்டு. முதல் பறத்தலிலேயே செதில் முழுக்க உதிர்ந்து, இறக்கை கண்ணாடியாகிவிடும். ஜப்பானின் யோஷிதா குழுவினர் 1997இல் அந்த இறக்கையை ஆராய்ந்தார்கள். பெர்ன்ஹார்ட் கண்ணில் கண்ட அதே வகை மேடுகள் இறக்கையில் இரு பக்கமும் நின்றன. மேடுகளை நீக்கிய இறக்கை கூடுதல் ஒளியைத் திருப்பியது. இருட்டில் ஒளி மிச்சமாகும் என்று கண்ணுக்காகச் சொன்ன காரணம் இங்கே செல்லாது. இறக்கை எதையும் பார்ப்பதில்லை. பார்வையில் படாமல் இருப்பதே அதன் ஆதாயம். சித்தேரி மலையில் கத்தும் சில்வண்டுகளின் இனத்திலும் பலவற்றின் இறக்கையில் இத்தகைய மேடுகள் உண்டு. ஆஸ்திரேலியச் சில்வண்டு ஒன்றின் மேடுகள் தம்மேல் ஒட்டும் சிலவகைப் பாக்டீரியாக்களின் தோலைக் கிழித்துக் கொல்வதை இவானோவாவின் குழு 2012இல் கண்டது.

எவ்வளவு பழைய ஏற்பாடு இது என்பதற்கும் ஒரு சான்று கிடைத்தது. பால்டிக் கரையின் அம்பரில் அகப்பட்ட 45 மில்லியன் ஆண்டு வயதுள்ள ஈயின் கண்ணில் நெருங்கிய வரிமேடுகள் இருப்பதையும், அவை எதிரொளிப்பைக் குறைப்பதையும் ஆண்ட்ரூ பார்க்கர் குழு 1998இல் காட்டியது.

தொழிலுக்கு வந்தபோது இந்த மேடுகள் ஒரு பலவீனத்தைக் காட்டின. விரல் பட்டால் போதும். தோலின் எண்ணெய் இடைவெளிகளில் புகுந்து காற்றை வெளியேற்றிவிடும். காற்று போனால் படிகளும் போயின. அழுத்தித் துடைத்தால் கூம்பே முறியும். அதனால் எல்லோரும் தொடும் கைபேசித் திரைக்கு இது எளிதில் வரவில்லை. யாரும் தொடாத இடங்களுக்குப் போனது. கேனன் நிறுவனம் 2008இல் வெளியிட்ட 24 மில்லிமீட்டர் லென்ஸுக்குள், அதிகம் வளைந்த உட்பரப்பு ஒன்றில் அலைநீளத்தைவிடச் சிறிய மேடுகளை வைத்தது. வளைந்த பரப்பில் ஒளி ஓரத்தில் மிகவும் சாய்ந்து விழும். பூச்சடுக்குகள் தடுமாறுவது அங்கேதான்.

சிலிக்கானில் நிலைமை இன்னும் தீவிரம். மெருகேற்றிய சிலிக்கான் பட்ட ஒளியில் 30 சதவீதத்துக்கு மேல் திருப்பிவிடும். சூரியத் தகட்டுக்கு அது நேரடி நஷ்டம். அதன் மேல் நுண் ஊசிகளை வளர்த்தால் நீலம் கலந்த சாம்பல் போய்க் கன்னங்கரேல் ஆகிவிடும். கருஞ்சிலிக்கான் என்றே பெயர். ஆனால் ஊசிகள் பரப்பைப் பெருக்கியதால், உண்டான மின்னூட்டங்கள் அங்கேயே சிக்கி அழிந்தன. ஒளியில் பெற்றதை மின்சாரத்தில் இழந்தார்கள். ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் குழு ஊசிகளின் மேல் அலுமினா ஏட்டைப் போர்த்தி அதைத் தடுத்து, 2015இல் 22.1 சதவீதத் திறனை எட்டியது. இந்தியாவில் ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வகம் சூரியக் கருவிகளின் கண்ணாடிக்கு நுண்துளைப் பூச்சுகளை உருவாக்கியிருக்கிறது. கூம்புக்குப் பதில் துளை; காற்றைக் கலந்து ஒளிவிலகல் எண்ணைக் குறைக்கும் கொள்கை அதேதான்.

லேசரும் வெற்றிடக் கலமும் இல்லாமல் பூச்சி இதை எப்படிச் செய்கிறது என்ற கேள்விக்கு அண்மையில்தான் பதில் வரத் தொடங்கியது. விளாதிமிர் கத்தனாயெவும் கூட்டாளிகளும் 2015இல் பலவகைப் பூச்சிகளின் கண்பரப்பை ஒப்பிட்டார்கள். மேடு, வரி, பின்னல், குழி என்று வந்த வடிவங்கள் எல்லாமே கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952இல் எழுதிய சமன்பாடுகளுக்குள் அடங்கின: ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் பரவும் இரண்டு பொருள்கள் இருந்தால், வடிவம் தானே பிறக்கும். அந்த இரண்டும் எவை என்று 2020இல் கண்டார்கள். மாம்பழம் கனிந்தால் கூடையைச் சுற்றும் அந்தச் சின்னப் பழ ஈயில், ரெட்டினின் என்ற புரதமும் ஒரு மெழுகும். ஈயின் உடலில் இவற்றின் அளவைக் கூட்டிக் குறைத்தபோது கண்ணின் மேடுகளும் உருமாறின. பிறகு ஈயே இல்லாமல், பாக்டீரியாவில் தயாரித்த ரெட்டினினையும் மெழுகையும் கலந்து கண்ணாடியில் பூசினார்கள். சாதாரண வெப்பநிலையில், எந்த அச்சும் இல்லாமல், மேடுகள் எழுந்து நின்று எதிரொளிப்பைக் குறைத்தன.

(தொடரும்)